60 தட்டுகளில் ஒரு குழு வளர்ந்த விதம்: டெல்டெக்கின் பாக் கான்டாட்டா தொகுப்பு

இந்தப் பெட்டியில் முதலில் கவனிக்க வேண்டியது தட்டுகளின் வரிசை. 18-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதிய தேவாலயக் கான்டாட்டாக்களில் (வழிபாட்டில் குரல்களும் வாத்தியங்களும் சேர்ந்து வழங்கும் பல பகுதிப் படைப்புகள்) சுமார் 200 கிடைத்திருக்கின்றன. அவற்றுக்கு 1950-ல் இசை ஆய்வாளர் ஷ்மீடர் கொடுத்த பட்டியல் எண்தான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அந்த எண்ணோ 19-ஆம் நூற்றாண்டுப் பதிப்பில் அவை அச்சேறிய வரிசையைப் பின்பற்றியது. பாக் அவற்றை எழுதிய காலத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. 1-ஆம் எண் 1725 மார்ச்சில் அரங்கேறியது, பாக்குக்கு அப்போது நாற்பது வயது. 199-ஆம் எண் 1714-ல், முப்பதைத் தொடும் முன்பே எழுதியது. டெலிஃபுங்கன் நிறுவனம் (பிறகு டெல்டெக், அதன் பிறகு வார்னர்) இந்த எண் வரிசைப்படியே வெளியிட்டுக்கொண்டு போனது. ஆகவே பாக் வளர்ந்த விதத்தைக் கேட்க இந்தப் பெட்டி உதவாது.

ஆனால் யாரும் திட்டமிடாத ஒன்று இதில் கிடைத்துவிட்டது. முதல் பெட்டி 1971-ல் வந்தது, கடைசிப் பெட்டி 1990-ல். தட்டின் எண் ஏற ஏற வாசிப்பவர்களின் அனுபவமும் ஏறுகிறது. பழைய வாத்தியங்களை எப்படிக் கையாள்வது என்று சொல்லித்தர ஆள் இல்லாத காலத்தில் தொடங்கிய ஒரு குழு, இருபது வருடத்தில் அதை எப்படிக் கற்றுக்கொண்டது என்பதற்கு இதைவிட முழுமையான ஒலிச் சான்று கிடையாது. இந்தத் தொகுப்பை வாங்க அதுதான் முதல் காரணம். பாக் கான்டாட்டாக்களைப் பழுதில்லாமல் கேட்க வேண்டும், அவ்வளவுதான் என்றால் வேறு தொகுப்புகள் இருக்கின்றன. அவற்றைப் பிறகு பார்க்கலாம்.

வேலையை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள். வியன்னாவில் நிக்கோலாஸ் ஹார்னோன்கூரும் அவருடைய கொன்சென்டுஸ் மூசிக்குஸ் குழுவும் ஒரு பங்கு. நெதர்லாந்தில் ஹார்ப்சிகார்ட் கலைஞர் கஸ்டாவ் லியோன்ஹார்ட்டும் அவர் பெயரிலேயே இயங்கிய லியோன்ஹார்ட் கன்சார்ட்டும் இன்னொரு பங்கு. இரண்டு குழுவிலும் வயலின் வரிசைக்குத் தலைமை தாங்கியவர் நடத்துநரின் மனைவி: அங்கே ஆலிஸ், இங்கே மரீ. பாக்கின் தேவாலயக் கான்டாட்டாக்களை இத்தனை முழுமையாக அக்கால வாத்தியங்களில் பதிவு செய்தது அதுவே முதல் முறை. தொகுப்பு பாதி தாண்டியிருந்த நிலையில், 1980-ல் இருவருக்கும் சேர்த்து எராஸ்மஸ் விருது வந்தது.

வியன்னாக் குழுவின் முன்கதை தெரிந்தால்தான் முதல் தட்டுகளின் குறையும் நிறையும் புரியும். ஹார்னோன்கூர் 1952-ல் வியன்னா சிம்பொனி இசைக்குழுவில் செல்லோ வாசிக்கச் சேர்ந்தார். அதற்கு முன்பே, 1949-ல், பிற்பாடு அவர் மனைவியான ஆலிஸ் ஹொஃப்ஃபெல்னர், எடுவார்ட் மெல்குஸ் முதலியவர்களோடு காலிடையில் வைத்து வாசிக்கும் பழைய வில்வாத்தியமான வியோலா டா கம்பாவுக்கென்று நால்வர் குழு ஒன்று வைத்திருந்தார். 1953-ல் சிம்பொனி சகாக்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு கொன்சென்டுஸ் தொடங்கியது. பகலில் பிராம்ஸ், சைக்கோவ்ஸ்கி. மிஞ்சிய நேரத்தில் வீட்டுக் கூடத்தில் பழைய வாத்தியங்களோடு மல்லுக்கட்டு. நான்கு வருடம் ஒத்திகையிலேயே போனது. 1957 மே மாதம் வியன்னாவின் ஷ்வார்ட்சென்பெர்க் அரண்மனையில்தான் முதல் பொதுக் கச்சேரி.

அந்த நான்கு வருடமும் வீண் இல்லை. அப்போது பழைய வாத்தியங்களுக்குக் கிராக்கி கிடையாது. ஆலிஸ் வாசித்தது யாக்கோப் ஷ்டைனர் 1658-ல் ஆப்சாம் ஊரில் செய்த வயலின். ஹார்னோன்கூர் வாசித்தது 1744-ல் பாரிஸில் காஸ்தன்யெரி செய்த செல்லோ. எல்.பி. கையேடுகளில் ஒவ்வொரு கலைஞர் பெயருக்கும் எதிரே வாத்தியம் செய்தவர், ஊர், வருடம் எல்லாம் அச்சிட்டிருப்பார்கள். அது பெருமைக்காகச் செய்தது மட்டும் இல்லை. ஷ்டைனர் வயலினின் வயிறு உயர்ந்து புடைத்திருக்கும். ஒலி இனிமையானது, ஆனால் குறுகலானது, பெரிய அரங்கைப் பிளந்துகொண்டு போகாது. பாக் காலத்தில் ஜெர்மன் நாடுகளில் ஸ்ட்ராடிவாரியஸைவிட இதற்குத்தான் மதிப்பு. இந்தத் தொகுப்பில் வயலின்கள் ஓபோ என்ற மரக்குழல் வாத்தியத்தை அமுக்காமல் அதோடு ஒட்டி நிற்பதற்கு இது ஒரு காரணம்.

1964-ல் பிராண்டன்பர்க் கான்செர்டோக்கள், 1965-ல் யோவான் பாஸியோன் (இயேசுவின் பாடுகளைச் சொல்லும் படைப்பு), 1968-ல் பி மைனர் மாஸ், 1970-ல் மத்தேயு பாஸியோன் என்று பதிவுகள் வரிசையாக வந்தன. 1969-ல் ஹார்னோன்கூர் சிம்பொனி வேலையை விட்டார். அதற்கு அடுத்த பெரிய வேலை இந்தக் கான்டாட்டாக்கள். ஆகவே இந்தப் பெட்டியின் முதல் தட்டில் கேட்பது கற்றுக்குட்டிகளை அல்ல. ஆனாலும் சில வாத்தியங்கள் அவர்களுக்கே அப்போதுதான் புதிது.

பித்தளையும் மரமும்

1-ஆம் எண்ணின் தொடக்கக் கோரஸைப் போடுங்கள். எஃப் சுருதியில் இரண்டு கொம்புகள், இரண்டு ஓபோ டா காச்சா, இரண்டு தனி வயலின்கள், மற்ற தந்திகள். கொம்பில் வால்வு கிடையாது. சுமார் 12 அடிக் குழாய், ஊதுபவரின் உதடு, அவ்வளவுதான். கையைக் கொம்பின் வாய்க்குள் விட்டு ஸ்வரத்தைத் திருத்தும் வித்தை 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவலானது. அதனால் குழாய் தானாகத் தரும் ஹார்மோனிக்குகள் மட்டுமே கையிருப்பு. கீழே அவை ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கும், மேலே போகப் போக நெருங்கும். 8-ஆவதற்கு மேல்தான் வரிசையாக ஸ்வரங்கள் கிடைக்கும். பாக் கொம்புக்கும் டிரம்பெட்டுக்கும் ஏன் அவ்வளவு உச்சத்தில் எழுதினார் என்றால் வேறு வழி இல்லை என்பதுதான் பதில்.

உச்சத்திலும் சிக்கல் தீராது. 11-ஆவது ஹார்மோனிக் சுத்த மத்தியமத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் கிட்டத்தட்ட நட்டநடுவில் விழும். 13-ஆவது, சதுஸ்ருதி தைவதத்தைவிட அரை ஸ்வரத்தின் பாதிக்கும் சற்றுக் கூடுதலாகவே கீழே நிற்கும். சுத்த தைவதமும் இல்லை, சதுஸ்ருதியும் இல்லை. 7-ஆவது, கைசிகி நிஷாதத்துக்குக் கீழே அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்கு தொய்ந்திருக்கும். கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய காதுக்கு இது உடனே உறைக்கும். 'சுருதி சேரவில்லை' என்று தட்டை நிறுத்திவிடவும் தோன்றும். நிறுத்த வேண்டாம். ஊதுபவர் அந்த ஸ்வரத்தை உதட்டால் இழுத்துச் சரிசெய்கிறார். இழுப்பு பலித்தால் ஒலி சற்று மங்கி, ஸ்வரம் சேரும். பலிக்காவிட்டால் குரல் உடைவதுபோல் பக்கத்து ஹார்மோனிக்குக்குத் தாவிவிடும். முதல் பெட்டிகளில் இரண்டும் நடக்கிறது.

டிரம்பெட்டுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. 1960-ஐ ஒட்டிய வருடங்களில் குழாயில் சிறு துளைகள் போட்டு, விரலால் திறந்து மூடி 11, 13-ஆவது ஹார்மோனிக்குகளை நேராக்கும் வழக்கம் வந்தது. அக்கால வாத்தியம் என்று எழுதியிருந்தாலும் இந்தத் துளைகள் பாக் காலத்தவை அல்ல. இன்றைக்கும் பாக் காலத்து இசையை வாசிக்கும் பெரும்பாலான பரோக் குழுக்களில் டிரம்பெட்டுக்குத் துளை உண்டு. துளை இல்லாமல் ஊதுகிறவர்கள் சிறுபான்மை. இதை வைத்து இந்தக் குழுவை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை.

ஓபோ டா காச்சா வேறு ஜாதி. பாக் அடிக்கடி எழுதிய இந்த வாத்தியம் எப்படி இருந்தது என்பதே வெகுகாலம் குழப்பமாக இருந்தது. ஓபோ வகையைச் சேர்ந்த நவீன இங்கிலீஷ் ஹார்னை வைத்தே ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். பாக் வேலை பார்த்த லைப்சிக் நகரில் ஐஷன்டோஃப் என்ற கைவினைஞர் 1724-ல் செய்த வளைந்த வாத்தியங்கள் ஸ்காண்டிநேவிய அருங்காட்சியகங்களில் இருந்தன. 1970-களின் தொடக்கத்தில் அவற்றை அளந்து நகல் எடுக்கத் தொடங்கினார்கள். செய்முறை வேடிக்கையானது. முதலில் மரத்தை நேர்க்குழாயாகவே கடைந்து துளையிட வேண்டும். பிறகு ஒரு பக்கம் முழுக்க ரம்பத்தால் நெருக்கமாகக் கீறல்கள் போட வேண்டும். கீறல்கள் உள்துளை வரை இறங்கும். ஆவி காட்டி வளைத்தால் கீறல்களின் வாய் மூடிக்கொள்ளும். அந்த உள்வளைவின் மேல் ஒரு மரப்பட்டையை ஒட்டி, முழுவதற்கும் தோல் போர்த்தி, நுனியில் பித்தளை வாயைப் பொருத்தினால் வாத்தியம் தயார். ஒரு கீறல் சரியாக மூடாவிட்டாலும் காற்று கசியும், கீழ் ஸ்வரங்கள் பேசாது. தோல் அழகுக்கு மட்டும் போடவில்லை, கசிவை அடைப்பதற்கும்தான். ஓபோவின் உடம்பும் கொம்பின் வாயும் சேர்ந்ததால் அதன் ஒலியில் மூக்கொலியும் உண்டு, ஒரு தூரத்துத் தன்மையும் உண்டு.

சாதாரண ஓபோவிலும் கவனிக்க ஒன்று இருக்கிறது. பரோக் ஓபோவில் இரண்டு மூன்று சாவிகள்தான். மற்ற ஸ்வரங்களை நடுவில் ஒரு துளையைத் திறந்துவிட்டு அதற்குக் கீழுள்ளதை மூடியோ, இரட்டைத் துளையில் ஒன்றை மட்டும் மூடியோ எடுக்க வேண்டும். அப்படி எடுத்த ஸ்வரம் மற்றதைவிட மங்கலாக இருக்கும். 82-ஆம் எண் சி மைனரில் அமைந்தது. ஏ ஃப்ளாட், பி ஃப்ளாட், எஃப் என்று மங்கல் ஸ்வரங்கள் அடிக்கடி வரும். சாகத் தயாராக இருக்கும் முதியவரின் பாட்டுக்கு அந்த மங்கல் எவ்வளவு பொருத்தம் என்பது, எல்லா ஸ்வரத்தையும் ஒரே வெளிச்சத்தில் காட்டும் நவீன ஓபோவில் தெரியவே தெரியாது. ஃபிலிப் ஹுட்டன்லோக்கர் பாடிய இந்தப் பதிவு, தொகுப்பின் மிகச் சிறந்த பக்கங்களில் ஒன்று.

கட்டை, நரம்பு, வில்

தட்டோடு கூடவே கீபோர்டில் வாசித்துப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனத்தில் வைக்க வேண்டும். இந்த வகைக் குழுக்கள் பொதுவாகப் பின்பற்றும் சுருதியில் 'ஏ' என்பது சுமார் 415 ஹெர்ட்ஸ். இன்றைய 440 ஆறு கட்டை என்றால் இது ஐந்தரை. குழுவுக்குக் குழு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆகவே ஸ்கோரில் (அச்சிட்ட இசைத்தாளில்) எஃப் மேஜர் என்று இருப்பது காதில் ஈ மேஜர் அளவில்தான் கேட்கும். இது குறுந்தட்டின் கோளாறு இல்லை.

பாக்குக்கு இதைவிடப் பெரிய தலைவலி இருந்தது. லைப்சிக் தேவாலய ஆர்கன்களின் சுருதி ஆறரைக் கட்டை, ஊது வாத்தியங்கள் ஐந்தரை. முழு ஒரு ஸ்வரம் இடைவெளி. ஆர்கனை இறக்கிக் கட்ட முடியாது. அதனால் ஆர்கன்காரருக்கு மட்டும் ஒரு ஸ்வரம் கீழே மாற்றி எழுதிய தாளைக் கொடுத்தார்கள். அந்தத் தாள்கள் இன்றும் இருக்கின்றன. எந்தக் கான்டாட்டாவை லைப்சிக்கில் எப்படி நடத்தினார்கள் என்று துப்புத் துலக்க ஆய்வாளர்கள் முதலில் எடுப்பது அவற்றைத்தான்.

தந்திகள் முறுக்கிய ஆட்டுக்குடல். வயலினின் மேல் தந்தி சுமார் 0.6 மில்லிமீட்டர்தான், கம்பியும் சுற்றியிருக்காது. விளக்குச் சூடு, கூட்டத்தின் மூச்சு, மழைக்காற்று எதற்கும் அசையும். பதிவுக்கூடத்தில் நிறுத்திச் சுருதி சேர்க்கலாம், மேடையில் முடியாது. ஆகவே இந்தத் தட்டுகளின் சுருதிச் சுத்தத்தை வைத்து அக்குழு மேடையில் எப்படி இருந்தது என்று கணிக்கக் கூடாது. வில்லோ வெளிப்புறம் வளைந்த பழைய வடிவம். கீழ்நோக்கி இழுத்தால் கனமாகவும், மேல்நோக்கித் தள்ளினால் லேசாகவும் தானாகவே பேசும். நவீன வில் இந்த வேறுபாட்டை அழிப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்டது.

ஹார்னோன்கூரின் வாசிப்பு முழுவதும் இந்த ஏற்றத்தாழ்வின் மேல் கட்டியது. பரோக் இசை பேச்சு என்பது அவர் கட்சி. நான்கு ஸ்வரங்கள் வந்தால் நான்கும் சமம் இல்லை, முதலாவது கனம், இரண்டாவது லேசு, மூன்றாவது நடுத்தரம், நான்காவது மீண்டும் லேசு. வெண்பாவை அசை பிரித்துச் சொல்லும்போது நேரும் நிரையும் நாக்கில் வேறு வேறு எடையோடு விழுவதை நினைத்துக்கொண்டால் சட்டென்று பிடிபடும். ஸ்வரத்தை நடுக்கி நீட்டும் வைப்ராட்டோ எப்போதும் கிடையாது. எங்கே வேண்டுமோ அங்கே மட்டும், அணியாக.

இதில் அவர் அளவு மீறும் இடங்களும் உண்டு. 1970-களின் நடுப்பகுதித் தட்டுகள் சிலவற்றில் ஒவ்வொரு வலு ஸ்வரமும் மேசையைத் தட்டிப் பேசுவதுபோல் விழுகிறது. முடிவில் வரும் நான்கு குரல் கோரால்களில் (சபைப் பாடல்களில்) அடிக்கு அடி நிறுத்தி மூச்சுவிட வைக்கிறார். வாக்கியம் துண்டு துண்டாகிறது. லியோன்ஹார்ட் அதே இடங்களைச் சத்தமில்லாமல் கடப்பார். இரண்டு பேரின் தட்டுகளும் மாறி மாறி வருவதால் இந்த வித்தியாசம் பக்கத்தில் பக்கத்தில் கேட்கும். முதலில் வியன்னா கவரும், நாள்பட நாள்பட ஆம்ஸ்டர்டாம் ஏறிக்கொண்டே போகும். நீண்ட காலம் இந்தப் பெட்டியோடு இருக்கப் போகிறவர்களுக்கு லியோன்ஹார்ட்டின் பாதிதான் பழுதாகாமல் நிற்கும். இரண்டு புல்லாங்குழல் வகை ரெக்கார்டர்களும் இரண்டு கம்பாக்களும் மட்டும் சூழ்ந்த 106-ஆம் எண்ணை ஒருமுறை கேட்டால் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

ஸ்கோரைப் பார்த்துக்கொண்டு கேட்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பேச்சு நடையில் பாடும் ரெசிட்டடிவ் பகுதிகளில் பாஸ் வரியில் நீண்ட, கட்டுப்போட்ட முழு ஸ்வரங்கள் அச்சாகியிருக்கும். தட்டில் செல்லோவும் ஆர்கனும் குட்டையாகத் தொட்டுவிட்டு நின்றுவிடும், பாடகர் தனியாகப் பேசிக்கொண்டிருப்பார். தவறு இல்லை. நீளமாக எழுதிக் குட்டையாக வாசிப்பது அக்கால நடைமுறை என்பது இவர்கள் எடுத்த முடிவு. ஆதாரம் பாக்கிடமே இருக்கிறது: மத்தேயு பாஸியோனில் முழு ஸ்கோரில் நீளமாக எழுதியதையே வாசிப்பவர்களின் தாளில் குட்டையாக எழுதிக் கொடுத்திருக்கிறார். எல்லாக் கான்டாட்டாவுக்கும் அது பொருந்துமா என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.

சிறுவர் குரல்கள்

தொகுப்பை வாங்கலாமா வேண்டாமா என்பதை உண்மையில் தீர்மானிப்பது இதுதான். லைப்சிக் தேவாலயத்தில் பெண்கள் பாடவில்லை. ஆகவே இங்கும் உச்சக் குரலான சோப்ரானோ பகுதிகளை, கோரஸிலும் தனிப்பாட்டிலும், சிறுவர்கள் பாடுகிறார்கள். அதற்கு அடுத்த குரலான ஆல்டோவுக்கு பால் எஸ்வுட், ரெனே யாக்கோப்ஸ் போன்ற கவுன்டர்டெனர்கள், அதாவது பெண் குரல் உயரத்தில் பாடும் ஆண்கள். வியன்னாவில் முதலில் வியன்னா சிறுவர் குழு, பிறகு ட்யோல்ட்ஸ் சிறுவர் குழு; லியோன்ஹார்ட்டுக்கு ஹனோவர் சிறுவர் குழுவும் கெண்ட் நகரின் கொலேஜியம் வொகாலேயும். முதல் பெட்டிகளில் தனிப்பாடகச் சிறுவனின் பெயர்கூட இருக்காது, 'வியன்னா சிறுவர் குழுவின் தனிப்பாடகர்' என்று மட்டும் போட்டிருப்பார்கள்.

கொள்கை சரி, நடைமுறையில் இடிக்கிறது. பாக் காலத்தில் சிறுவர்களின் குரல் பதினாறு பதினேழு வயதில்தான் உடைந்தது. ஏழெட்டு வருடப் பயிற்சியும் வளர்ந்த நுரையீரலும் உள்ளவன் பாடினான். இன்று பன்னிரண்டு பதின்மூன்றிலேயே குரல் போய்விடுகிறது. பெரியவன் பாட எழுதியதைச் சின்னவன் பாடுகிறான். நீண்ட அரியாக்களில் (தனிப்பாட்டுகளில்) என்ன கெடுகிறது என்றால், முதலில் மூச்சு. வாக்கியம் முடிவதற்கு நான்கு ஸ்வரம் முன்பே காற்று தீர்ந்து, கடைசி ஸ்வரம் கீழே சரியும். டா காப்போவில் முதல் பகுதி திரும்பும்போது களைப்பு கூடிச் சுருதி இன்னும் இறங்கும். இரண்டாவது, ஆங்காங்கே வார்த்தையின் பொருள் போய்விடும். வயதான ஆன்மாவின் ஏக்கத்தைப் பள்ளிப் பையன் மனப்பாடமாக ஒப்பிக்கிறான். 51-ஆம் எண் போன்ற அசுரப் பரீட்சையில் லியோன்ஹார்ட்டே கொள்கையைத் தளர்த்தி மரியான் க்வெக்சில்பரைப் பாட வைத்தார். உச்ச 'சி' வரை ஏறும் அந்தப் பாட்டுக்கு அது புத்திசாலித்தனம்.

ஆனால் பலிக்கும் இடத்தில் வேறு யாராலும் தர முடியாததைத் தருகிறது. 78-ஆம் எண்ணின் டூயட்டில் வில்ஹெல்ம் வீடலும் எஸ்வுட்டும் பாடுவதைக் கேளுங்கள். செல்லோ ஓடுகிறது, அடியில் வயலோனே என்ற பெரிய பாஸ் வாத்தியம் விரலால் மீட்டப்படுகிறது, 'தளர்ந்தாலும் விரைந்து வருகிறோம்' என்று இரண்டு குரல்களும் ஒன்றையொன்று துரத்துகின்றன. தேர்ந்த பெண் குரலில் இது அழகாக இருக்கும். இங்கே நிஜமாகவே மூச்சிரைக்க ஓடிவரும் பிள்ளையாக இருக்கிறது. 1980-களில் ஆலன் பெர்கியுஸ் வந்த பிறகு, 140, 147-ஆம் எண்களில், சிறுவர் குரல் என்பதற்காகச் சலுகை கொடுத்துக் கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. 140-ல் குரலோடு பின்னும் வயலினோ பிக்கோலோ சாதாரண வயலினைவிட மூன்று அரை ஸ்வரம் மேலே கட்டியது. ஒலி மெல்லிசாக, கொஞ்சம் நடுங்கும் விளக்குபோல இருக்கும்.

உயர்ந்த ஆண் குரலான டெனர் பகுதிகளுக்கு இந்தச் சிக்கலே இல்லை. கூர்ட் எக்விலுஸ் பெரும்பகுதியைப் பாடியிருக்கிறார். குரல் பெரியதில்லை, சொல் ஒவ்வொன்றும் துல்லியம். முதல் பெட்டிகளில் தடுமாறும் எல்லாவற்றுக்கும் நடுவே தூண்போல நிற்பவர் அவர்.

கோரஸின் அளவு பற்றியும் சொல்ல வேண்டும். 1730 ஆகஸ்ட் 23-ல் பாக் லைப்சிக் நகராட்சிக்கு எழுதிக் கொடுத்த மனுவில், ஒரு குரலுக்கு மூன்று நான்கு பேர் வீதம் 12 முதல் 16 பாடகர்களாவது வேண்டும் என்று கேட்டிருந்தார். 1981-ல் ஜோஷுவா ரிஃப்கின், பாக்கின் கோரஸ் பெரும்பாலும் ஒரு குரலுக்கு ஒருவர்தான் என்று வாதிட்டதும் சச்சரவு கிளம்பியது. அந்த நேரத்தில் இந்தத் தொகுப்பு பாதிவழி தாண்டிவிட்டிருந்தது. பெரிய கோரஸோடு தொடங்கியதை அப்படியே முடித்தார்கள். ஆகவே வாத்தியத்தில் புரட்சி செய்த தொகுப்பு, கோரஸ் விஷயத்தில் பழமையாகத் தெரிகிறது.

எதை, எப்படி வாங்குவது

புதிதாகத் தொடங்குபவர் 1-ஆம் எண்ணில் ஆரம்பித்து வரிசையாகப் போனால் இருபதாவது கான்டாட்டாவுக்குள் சலித்துவிடும். 140, 82, 106, 78, 147, 51 என்று ஆறைக் கேட்டுவிட்டு, பிறகு 1-க்குத் திரும்புங்கள். அப்போது அந்தக் கொம்புகளின் தடுமாற்றத்தை மன்னிக்க மனம் வரும். அடுத்து 4-ஆம் எண்: குரல்களோடு கார்னெட்டோ என்ற பழைய மர ஊதுவாத்தியமும் மூன்று டிராம்போன்களும் ஒட்டி வாசிக்கும், பாக்கின் இளமைக்கால வேலை.

மற்றத் தொகுப்புகளில் ஹெல்முத் ரில்லிங் நவீன வாத்தியம், பெண் குரல். வரிகள் தெளிவு, வாத்திய நிறம் ஒரே சீர். டான் கூப்மன் துள்ளலும் அலங்காரமும். கார்டினர் 2000-ஆம் ஆண்டு ஊர் ஊராகப் போய் நடத்திய கச்சேரிப் பதிவு. நாடகத்தன்மை அதிகம், நேரடிப் பதிவுக்குரிய பிசிறும் உண்டு. மசாகி சுசுகி 55 தொகுதிகள், 2013-ல் முடித்தார். ஒரே ஒரு முழுத் தொகுப்புதான் வாங்க முடியும் என்றால் சுசுகியை வாங்குங்கள். கொம்பு, ஓபோ டா காச்சா, சுருதி, பாட்டு எதிலும் சலுகை கொடுக்க வேண்டியிராது. 

டெல்டெக்கிலேயே நான்கு வடிவங்கள் சந்தையில் திரிகின்றன. முதலாவது எல்.பி.: 45 பெட்டிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு தட்டு, கூடவே மூன்று மொழிக் கையேடு, முழு ஸ்கோர். ஸ்கோர்தான் இதன் உயிர். பழையதாக வாங்கும்போது பெட்டியைத் திறந்து தட்டுக்கு முன் அதைத் தேடுங்கள். நூலகங்கள் கழித்துப்போட்ட பெட்டிகளில் அதைத்தான் முதலில் காணாது. பக்க முனையில் பென்சில் குறிகள் இருந்தால் தயங்க வேண்டாம், யாரோ ஒழுங்காகக் கேட்டிருக்கிறார்கள். தட்டில் உள்வளையங்களைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். கோரஸும் டிரம்பெட்டும் சேர்ந்து வரும் முடிவுப் பகுதி அங்கே விழுந்தால், தேய்ந்த ஊசியால் ஓட்டிய தட்டு அந்த இடத்தில் கரகரக்கும்.

இரண்டாவது, எல்.பி. பெட்டிகளை அப்படியே பின்பற்றிய இரட்டை சி.டி.கள். மூன்றாவது, ஆறு தட்டு வீதம் பத்துப் பெட்டி. நான்காவது, 60 தட்டும் ஒரே பெட்டியில் அடங்கும் மறுவெளியீடுகள், 1999-ல் பாக்கின் எல்லாப் படைப்புகளையும் 153 தட்டில் அடைத்த 'பாக் 2000' உட்பட. பிந்தைய மலிவுப் பெட்டிகளை வாங்கும் முன் பாடல் வரிகளும் மொழிபெயர்ப்பும் அச்சில் இருக்கின்றனவா என்று விசாரியுங்கள். ஜெர்மன் தெரியாதவருக்கு வரி இல்லாத கான்டாட்டா பாதி கான்டாட்டாதான். ஹார்னோன்கூரின் அழுத்தங்கள் எல்லாம் சொல்லைப் பிடித்துத்தான் விழுகின்றன. சொல் தெரியாவிட்டால் அவை வெறும் முரட்டுத்தனமாகக் கேட்கும்.

கடைசித் தட்டை மறந்துவிடாதீர்கள். 199-ஆம் எண்ணை ஹார்னோன்கூர் பார்பரா பானியைப் பாட வைத்துப் பதிவு செய்தார். பதினெட்டு வருடம் சிறுவர் குரலுக்காக வாதாடிய வியன்னாவில், முடிவில் ஒரு தேர்ந்த சோப்ரானோ. குழுவும் வேறாகிவிட்டது: முதல் தட்டில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் நிரூபித்துக்காட்டிக்கொண்டிருந்த வில்கள் இங்கே குரலுக்குக் கீழே இறங்கி நடக்கின்றன. ஓபோவோடு பானி பாடும் முதல் அரியாவையும், அதற்கு அடுத்து 1-ஆம் எண்ணின் முதல் ஐந்து நிமிடத்தையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள்.